வெள்ளைப் பெட்டியா, கறுப்புப் பெட்டியா?

குடையை ஆஸ்பத்திரியிலேயே மறந்து வைத்துவிட்டு வந்த நாளில்தானா வானம் இப்படிப் பொத்துக்கொண்டு ஊற்ற வேண்டும்?

கீழராஜ வீதியில் ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். நுஸைபாவும் ஓடினாள். துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, செருப்பில் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்க, முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து மூச்சு வாங்கினாள். நிமிர்ந்து பார்த்தால்... சுவர் முழுக்க வீடியோ கேம் பெட்டிகள். பெரிய டிவி ஒன்றில் ஓட்ட ஆளில்லாமலே ஒரு கார் பறந்துகொண்டிருந்தது.

“என்னம்மா வேணும்?” கடைக்காரர் ஆத்மநாதன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஒண்ணும் வேணாங்க... மழை விட்டதும் போயிடுறேன்.”

“நில்லும்மா. நிக்கிறதுக்கு ஜிஎஸ்டி இல்ல.”

சொல்லிவிட்டு அவர் எதிரே நின்ற இளைஞனிடம் திரும்பிக்கொண்டார். மேஜை மேல் இரண்டு கேம் கன்சோல்கள். ஒன்று வெள்ளை, ஒல்லி. இன்னொன்று கறுப்பு, கனம்... விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

“கறுப்பை எடுத்துட்டுப் போங்க தம்பி. ஃபோர்-கே! படம்னா படம், ரோட்டுல கெடக்குற கூழாங்கல்லை எண்ணிரலாம். வெள்ளை சும்மா பொழுதுபோக்குக்கு.”

இளைஞன் வெள்ளையைப் பார்த்தான். கறுப்பைப் பார்த்தான். மறுபடி வெள்ளையை. பெண் பார்க்கப் போன இடத்தில் அக்காவா தங்கச்சியா என்று குழம்பிப்போன மாப்பிள்ளை மாதிரி... நுஸைபாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“ஸ்டீயரிங்கும் பெடலும் சேத்து வாங்கணுங்க. கறுப்பை எடுத்தா அதுக்குக் கையைக் கடிக்கும். அதான்...” என்று இழுத்தான் அவன்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நுஸைபாவின் நாக்கு என்றைக்குச் சும்மா இருந்தது?

“எவ்வளவு தூரத்துல உக்காந்து பாப்பீங்க?”

இரண்டு பேரும் திரும்பினார்கள். அப்போதுதான் அவன் அவளைச் சரியாகப் பார்த்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... இமை நுனியில் இன்னும் விழாத ஒரு துளி... அதற்குக் கீழே, மழையில் நனைந்தும் துளிகூடக் குளிராத இரண்டு கண்கள். கேள்வியையே மறந்துவிட்டு நின்றான்.

“ஒங்களைத்தாங்க. டிவிக்கும் ஒங்களுக்கும் எத்தனை அடி?”

“ஆங்... ஹால்ல... ஒரு பத்தடி இருக்கும்.”

“டிவி?”

“நாப்பத்து மூணு இஞ்ச்.”

“அப்ப வெள்ளையே போதும். அந்த அளவு டிவியைப் பத்தடி தள்ளி உக்காந்து பாத்தா, ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அழகுக்கு எதுக்குங்க காசு? அதை ஸ்டீயரிங்ல போடுங்க.”

“நீங்க இந்தக் கடையில வேலை பாக்குறீங்களா?”

“இல்ல. கண்ணுல வேலை பாக்குறேன்.”

“எதுல?”

“கண் ஆஸ்பத்திரியிலங்க. ஆப்டோமெட்ரிஸ்ட். வர்றவங்களுக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றது.”

ஆத்மநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். “மழைக்கு ஒதுங்க எடம் குடுத்தேன்... என் வியாபாரத்துல இடியை எறக்கிட்டியேம்மா!”

அவன் சிரித்தான். ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் நுஸைபா இன்னும் ஒரு படி ஏறினாள்.

“ஆமா... கல்யாண வயசுல உக்காந்து கார் ஓட்டி வெளையாடப் போறீங்களாக்கும்?”

சட்டென்று அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து மறைந்தது. பெட்டியைத் தொட்டு, “வெள்ளையே போடுங்கண்ணே” என்றான் கடைக்காரரிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, “ஒங்க பேச்சை நம்பி எடுக்குறேன்” என்றான்.

“தாராளமா நம்புங்க.”

“பில்லுக்குப் பேரு சொல்லுங்க தம்பி.”

“வாஜித். அன்னவாசல்.”

மழை விட்டிருந்தது. இவ்வளவு சீக்கிரமா விட வேண்டும் என்று நுஸைபாவுக்குத் தோன்றியது. திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, ‘சே... யாரோ ஒருத்தன்...’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு அந்த ஒரு பக்கக் குழியையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா ஹமீதா பானு ஃபோனை நீட்டினாள். “தரகர் அனுப்பியிருக்கார். நல்ல எடம். பையன் கத்தார்ல...”

“அம்மா!”

“சரி சரி, வேணாம்னு சொல்லிடுறேன்.”

அந்த விஷயத்தில் மட்டும் அம்மாவும் மகளும் ஒரே கட்சி. நுஸைபாவின் தகப்பனார் குவைத்திலேயே ஆயுளைக் கழித்துவிட்டு, இனி ஊரோடு இருக்கலாம் என்று வந்த வருஷமே மௌத்தாகிக் கண்ணை மூடியவர். அத்தா என்றால் அவளுக்கு ஃபோனில் வருகிற குரல். திருச்சி ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசைகிற கை. வெளிநாட்டு மாப்பிள்ளை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பது இருவரும் பேசிக்கொள்ளாமலே எடுத்த முடிவு.

இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.

“ஷேக் பரீது!”

கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார். அகலமான தோள். ஆனால் நடையில் ஒரு தயக்கம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தவனைப் பார்த்ததும் நுஸைபா பெயர்ச் சீட்டைக் கீழே வைத்துவிட்டாள். வாஜித்!

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

“ஒக்காருங்கய்யா. என்ன செய்யுது?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் இருந்த இடத்தில் செயற்கைக் கண். அசையாமல் நேரே பார்த்தது.

“பஸ் டிரைவரும்மா நானு. புதுக்கோட்டை, அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை... அந்த ரோட்டுல என்னைத் தெரியாத ஆள் இல்ல. மூணு வருஷம் முன்னாடி, முன்னாடி போன லாரி டயர்லருந்து தெறிச்ச கல்லு. கண்ணாடியை ஒடைச்சு... ஒரு கண்ணு போச்சு. ஸ்டீயரிங்கும் போச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்ப இந்தக் கண்ணும் மங்குதும்மா.”

“எப்பருந்து?”

“லீவுல வந்த மகன் ஒரு பஸ் ஓட்டுற கேமு வாங்கிக் குடுத்தான். ஆசையா ஒக்காந்தேன். எதுக்க தூரத்துல வர்றது மாடா லாரியான்னு தெரிய மாட்டேங்குது. ஊர் பேர் போட்ட பலகை தெரிய மாட்டேங்குது. எல்லாம் கொழகொழன்னு... அன்னைக்கே புரிஞ்சிருச்சு. மிச்சக் கண்ணும் கெளம்பிருச்சுன்னு.”

“அதுலருந்து சரியாச் சாப்பிடுறதில்ல,” என்றான் வாஜித், அவளைப் பார்க்காமல். “வாசல்ல நின்னு பள்ளிவாசல் மினாரைப் பாத்துப் பாத்துக் கண்ணைக் கசக்கிட்டு இருக்கார்.”

நுஸைபா சட்டென்று அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

எழுத்துப் பலகையைக் காட்டினாள். பெரியவர் படித்தார். மேல் வரி... நடு வரி... கடைசி வரி. ஒரு எழுத்துப் பிசகவில்லை. உள்ளே அனுப்பினாள், டாக்டர் நரம்பு வரைக்கும் பார்த்துவிட்டு, கண் கல்லுப் போல இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

“ஐயா... ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. கேம் ஆடும்போது டிவிக்கு எவ்வளவு கிட்ட உக்காருவீங்க?”

பெரியவர் இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். கையை நீட்டிக் காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கை முஷ்டிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தைக் காட்டினார்.

“பஸ்ஸுல முன் கண்ணாடி எம்புட்டு தூரத்துலம்மா இருக்கும்? அம்புட்டுதான்.”

பத்தடிக்குப் போட்ட கணக்கு... இரண்டடியில் உட்கார்ந்த மனுஷன். அவ்வளவு கிட்டத்தில் வெள்ளைப் பெட்டியின் படம் மங்கலாகத்தான் தெரியும். அந்த மங்கலைப் பார்த்து ஒரு மனுஷன் இரண்டு வாரமாகக் குருடாகிக்கொண்டிருப்பதாக நம்பியிருக்கிறார்!

பெரியவர் தன் சீட்டை வாங்க நகர்ந்ததும் வாஜித் தாழ்ந்த குரலில் சொன்னான். “தாராளமா நம்பச் சொன்னீங்கல்ல?”

“நீங்கதானே பத்தடின்னு சொன்னீங்க!” வாய் முந்திக்கொண்டது. “யாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“கடையில நாலு பேருக்கு முன்னாடி, எங்க அத்தாவுக்கு ஒரு கண்ணு இல்லைங்கன்னு சொல்லணுமா? நீங்கதான் கல்யாண வயசுல வெளையாட்டான்னு கேட்டுச் சிரிச்சீங்களே...”

அவன் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். ‘மன்னிச்சிருங்க’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்த நோயாளியின் பெயரை இரண்டு தடவை தப்பாகக் கூப்பிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கால்கள் தானாகக் கீழராஜ வீதிக்குப் போயின. கடை வாசலிலேயே குரல் கேட்டது.

“பெட்டியைப் பிரிச்சாச்சு தம்பி. நான் எப்படித் திருப்பி எடுக்குறது?”

“பழசாவே எடுத்துக்கங்கண்ணே. மிச்சம் போட்டுக் கறுப்பை வாங்கிக்கிறேன்.”

“பழசு வாங்கி விக்கிற பழக்கம் இங்கிட்டு இல்லப்பா...”

“நான் வாங்கிக்கிறேன்,” என்றாள் நுஸைபா.

ஆத்மநாதன் திகிலோடு வெளியே எட்டிப் பார்த்தார். மழை இல்லை. “இன்னைக்கு எதுக்கும்மா வந்தே?”

வாஜித்தின் முகம் இறுகியது. “இரக்கப்பட்டெல்லாம் யாரும் வாங்க வேணாங்க.”

“இரக்கமா? எங்க வீட்ல டிவி நெசமாவே பத்தடியிலதான் இருக்கு. சோபாவைத் தள்ளிப் போடக்கூட எடமில்ல. வெள்ளைதான் எனக்குச் சரி.” அவள் வெள்ளைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அப்புறம்... எனக்கு வெளையாடப் பிடிக்கும். சின்ன வயசுலருந்தே. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குன்னு யாரும் வாங்கித் தரல. இன்னொருத்தரைப் பாத்து, இந்த வயசுல வெளையாட்டான்னு நக்கல் பண்ணேன் பாருங்க... அது வயித்தெரிச்சல்ல கேட்டதுதான்.”

அவன் பார்வை கறுப்புப் பெட்டிக்குப் போனது.

“நேத்தே சொல்லியிருக்கணும். வரல. யாருக்குன்னு கேக்காம கணக்குப் போட்டது என் தப்பு. மன்னிச்சிருங்க.”

ஆத்மநாதன் கால்குலேட்டரை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

வாஜித் வெகுநேரம் கறுப்புப் பெட்டியின் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தான். “நானும் பத்தடின்னு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க அப்படிப் பாத்துக்கிட்டே கேட்டீங்களா... ஒண்ணும் ஓடல.”

“எப்படிப் பாத்தேன்?”

“அதை விடுங்க.” காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு. “கறுப்பை எடுக்குறேன். ஆனா எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்னு இந்தத் தடவை நேர்ல வந்து பாத்துச் சொல்லணும். என் தங்கச்சி சாமியாவை விட்டு ஃபோன் பண்ணச் சொல்றேன். ஞாயித்துக்கெழமை.”

ஞாயிற்றுக்கிழமை அன்னவாசலில் அந்த வீட்டு ஹால் பஸ்ஸாக மாறியிருந்தது. மர நாற்காலிக்கு முன்னால் மேஜை, மேஜையில் திருகிய ஸ்டீயரிங், கீழே பெடல். நுஸைபா டிவியை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னாள். வாஜித் மூச்சிரைக்க நகர்த்தினான்.

“இன்னும் கொஞ்சம் அங்கிட்டு.”

“இப்ப?”

“கொஞ்சம் இங்கிட்டு.”

“ஏங்க... அன்னைக்கு மன்னிப்புக் கேட்டதுக்குப் பழி வாங்குறீங்களா?”

“அக்கா, நல்லா வாங்குங்க!” என்று கைதட்டினாள் சாமியா.

ஆனால் பெரியவர் மட்டும் நாற்காலியில் உட்காராமல் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தார்.

“வேணாம்மா. ரெண்டு கண்ணு இருக்கிறவன் ஓட்டுறது வேற. தூரம் பிடிபடாது எனக்கு. டம்ளர்ல தண்ணி ஊத்துனாலே வெளிய ஊத்துது. பொம்மை பஸ்ஸுலயும் தோக்கணுமா?”

வாஜித்தின் முகம் வாடியது. நுஸைபா நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயா, நமக்கு ரெண்டு கண்ணு குடுத்ததே தூரம் அளக்கத்தான். ஆனா டிவியில நெசத் தூரமே கெடையாது. எல்லாம் தட்டை. அங்க ரெண்டு கண்ணுக்காரங்களுக்கு எந்தச் சலுகையும் இல்ல. நானும் ஒத்தைக் கண்ணுதான், ஒங்க மகனும் ஒத்தைக் கண்ணுதான். இந்தா பாருங்க...”

ஒற்றைக் கையால் ஓட்டினாள். கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணோடும் ஓட்டினாள். இரண்டு தடவையும் பஸ்ஸை ஒரே புளியமரத்தில் கொண்டுபோய் மோதினாள்.

பெரியவர் மோதி நின்ற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு ஷேக் பரீது சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் முட்ட... சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடிவந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

“எந்திரிம்மா. புளியமரம் பாவம்.”

உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பஸ் கிளம்பியது. எத்தனை அழகாகத் திருப்பினார்! வளைவில் இறங்கி, மேட்டில் ஏறி, எதிரே வந்த வண்டிக்கு விளக்கைத் தாழ்த்தி மரியாதை செய்து...

“அந்தா... லாரி. அதுக்குப் பின்னாடி மாடு. ரெண்டு மாடு!” குரலில் பழைய கம்பீரம் ஏறியிருந்தது. “எம்மா, எல்லாம் தெரியுதும்மா எனக்கு!”

வாஜித் சுவரோடு சாய்ந்து நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்குவது தெரிந்தது. நுஸைபா பார்க்காதது போல இருந்துவிட்டாள். மனசு மட்டும் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றது.

தேநீர் கொடுத்த வாஜித்தின் அம்மா சொன்னாள்: “போறதுக்குள்ள வாஜித் அவுக அத்தா சிரிச்சதைப் பாத்துட்டான். அது போதும். அடுத்த வாரம் சார்ஜாவுக்குக் கெளம்புறான்.”

தேநீர் நாக்கைச் சுட்டது.

சார்ஜா... ‘லீவுல வந்த மகன்’ என்று பெரியவர் ஆஸ்பத்திரியில் சொன்னபோதே காதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. விழுந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்பாளா? வந்திருப்பாளோ?

பஸ் ஸ்டாப் வரை வாஜித்தும் சாமியாவும் வந்தார்கள். சாமியா எதிர்ப்பக்கத்துக் கடையில் கடலை மிட்டாய் வாங்கப் போனாள், வெகுநேரமாக வாங்கினாள். இலுப்பூர்ப் பக்கம் வானம் கறுத்து, ஈரக்காற்று வேப்பம்பூவைப் போலச் சின்னச் சின்னத் துளிகளை இறைத்தது.

“என்ன... வீட்டை விட்டுக் கெளம்புனதுலருந்து பேச்சையே காணோம்? ஒங்களுக்குப் பேசாம இருக்க வருமா?”

“சார்ஜால என்ன வேலை?”

“ஏசி மெக்கானிக்.” அவளைக் கூர்ந்து பார்த்தான். “ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேட்டா கண்ணு ஏன் கலங்குது? கண்ணுல வேலை பாக்குறவங்களுக்குத் தெரியாம கலங்குமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எங்க அத்தாவை நான் பாத்ததைவிட ஏர்போர்ட்டைப் பாத்ததுதான் அதிகம். அதனால... வெளிநாட்டுல இருக்கிற யாரையும்... நெனைக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன்.”

“இப்ப நெனைச்சுட்டீங்களா?”

துளிகள் கொஞ்சம் பெரிசாயின.

“நுஸைபா...” முதல் தடவையாகப் பெயர் சொன்னான். “ஆறு மாசத்துல என் கான்ட்ராக்ட் முடியுது. மறுபடி போடப் போறதில்ல. புதுக்கோட்டையிலயே ஒரு சர்வீஸ் கடை வைக்கிறதா முடிவு பண்ணிட்டேன். இது ஒங்களைப் பாக்குறதுக்கு முன்னாடியே எடுத்த முடிவு... அத்தாவுக்காக. பொய் சொல்ல மாட்டேன்.” மூச்சை இழுத்துக்கொண்டான். “அன்னைக்குக் கடையில ரெண்டு பெட்டிக்கு நடுவுல அவ்வளவு நேரம் தடுமாறுனேனே... அந்தத் தடுமாத்தம் ஒங்க விஷயத்துல ஒரு நிமிஷம்கூட வரல. எனக்கு ஒங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப.”

ஹாரன் சத்தம். விராலிமலையிலிருந்து வந்த பஸ் பக்கத்தில் வந்து நின்றே விட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். டிரைவர் எட்டிப் பார்த்து, “அட, ஷேக் பரீது அண்ணன் மகனா! இருய்யா, விசிலை ஊதாத. பேசிட்டு ஏறட்டும்” என்று எஞ்சினையே அணைத்துவிட்டார். மொத்த பஸ்ஸும் ஜன்னலுக்கு வந்தது.

நுஸைபாவுக்கு முகமெல்லாம் சூடாகிப் போனது. ஓடிப் போய் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாஜித் நனைந்துகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கீழேயே நின்றான்.

எஞ்சின் உறுமியது. பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டினாள்.

“ஏங்க! எங்க அம்மாவுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளைன்னா ஆகாது!”

அவன் முகம் சுருங்கியது. பஸ்ஸோடு கூடவே நடந்தான்.

“ஆனா ஆறு மாசத்துல உள்ளூர் மாப்பிள்ளை ஆகப் போறவரைப் பத்தி நான் இன்னைக்கே பேசிப் பாக்குறேன்...”

“பேசி?” இப்போது ஓடிக்கொண்டிருந்தான்.

“எனக்குப் பிடிச்சிருக்குன்னு... அதையும் சேத்துச் சொல்லிடுறேன்! கெளம்புறதுக்குள்ள வீட்டுக்கு ஆள் அனுப்புங்க!”

பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள். நுஸைபா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்... மழை ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஷட்டரை இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.